வுல்ஃப் தீவு பனி ஆந்தைச் சுற்றுலா: இரண்டு குளிர்காலம் போய் வந்தபின்

இந்தச் சுற்றுலாவுக்கு நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை மூன்று பனி ஆந்தைகளைக் கண்டோம். இரண்டாம் முறை அதே வான் வண்டி, அதே வழிகாட்டி, அதே தீவு, ஆனால் காலை ஒன்பதில் இருந்து இருட்டும் வரை தேடியும் ஒன்று கூடக் கண்ணில் படவில்லை. முதல் முறை வந்த கையோடு எழுதியிருந்தால் வெறும் ஆகா ஓகோ என்றுதான் எழுதியிருப்பேன், அதை நம்பி நீங்களும் காசு கட்டிவிட்டு வெறுங்கையோடு வந்திருந்தால் என்னைத்தான் திட்டியிருப்பீர்கள். அதனால் இரண்டையும் சேர்த்து இப்போது எழுதுகிறேன்.

நடத்துபவர் ஒரே ஒருவர்தான், அறுபது வயதுக்கு மேல் இருக்கும், வைத்திருப்பது ஒரு வான். கூட்டம் கூடினால் தன்னால் ஒழுங்காக நடத்த முடியாது, பெயரை இணையத்தில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதனால் இங்கே போடவில்லை. வேண்டுமானால் தனியாகக் கேளுங்கள், அவரிடம் சொல்லிவிட்டுத் தொடர்பு ஏற்படுத்தித் தருகிறேன்.

சரி, விபரம். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் காலை ஐந்தேகாலுக்கு ஏற்றிக்கொள்கிறார். ஏழு பேர் மட்டும். 401 நெடுஞ்சாலையில் கிழக்கே கிங்ஸ்ரன் வரை கிட்டத்தட்ட இரண்டரை மணித்தியாலம், நடுவில் ரெண்டன் அருகே ஓய்விடத்தில் ஒரு நிறுத்தம். கிங்ஸ்ரனில் இருந்து வுல்ஃப் தீவுக்கு வாகனத்தோடு பாதையில், அதாவது வாகனங்களை ஏற்றிப் போகும் படகில், ஏற வேண்டும். ஊரில் காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் ஓடும் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள், இது அதைவிட மிகப் பெரியது, இருபது நிமிடம், காசு இல்லை. ஒன்ராறியோ ஏரி முடிந்து சென் லோறன்ஸ் ஆறு தொடங்கும் இடம் அது. ஜனவரியில் உறைபனித் துண்டுகளை ஒதுக்கிக்கொண்டு பாதை போகும் சத்தத்தைக் கேட்பதற்காகவே என் மகள் வானை விட்டு இறங்கி வெளியில் நின்றாள். பெரியவருக்கு 160 டொலர், பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பாதி. இரவு எட்டரைக்கு வீடு வந்து சேரலாம்.

அந்தத் தீவுக்கு ஏன் போகிறார்கள் என்றால், அது தட்டையான வைக்கோல் வயல்களும் மேய்ச்சல் நிலமுமாகக் கிடக்கிறது, வோல் என்கிற குட்டை வால் வயல் எலி அங்கே நிறைய. பனி ஆந்தை மரத்துக்குள் பதுங்கும் ஆந்தை இல்லை. அது பிறந்து வளர்வது ஆர்க்டிக்கின் மரமே இல்லாத தூந்திர வெளியில், தெற்கே வந்தாலும் அது போன்ற வெட்டையைத்தான் தேடும். விமான நிலையங்களில் அடிக்கடி காணப்படுவதும் இதனால்தான், ஓடுபாதையைச் சுற்றியுள்ள புல்வெளி அதற்குத் தன் ஊர் போலத் தெரிகிறது. தீவில் 86 காற்றாலைகள் நிற்கின்றன, 2009 இல் இருந்து ஓடுகின்றன. முதலில் பார்க்கும்போது எனக்கு அது உறுத்தியது, ஆந்தைகள் அவற்றின் நடுவிலேயே வேலித் தூண்களில் உட்கார்ந்திருக்கின்றன.

எனக்கு இந்தப் பறவை மேல் பிடிப்பு வந்த கதையைச் சொல்லாமல் இந்த மதிப்புரை விளங்காது. 2013 டிசம்பரில் ரொறன்ரோவில் உறைமழை கொட்டி மரங்களெல்லாம் முறிந்து மின்சாரம் நாட்கணக்கில் இல்லாமல் போனது ஞாபகம் இருக்கும். நான் கனடா வந்து அது இரண்டாவது குளிர்காலம். வீட்டில் சூடு இல்லை, தேத்தண்ணீர் வாங்கலாம் என்று ஒரு கடைத்தொகுதிக்குப் போனபோது வாகனத் தரிப்பிட விளக்குக் கம்பத்தின் உச்சியில் வெள்ளையாக ஏதோ இருந்தது. பனிக்கட்டி என்றுதான் நினைத்தேன். அது தலையைத் திருப்பி மஞ்சள் கண்ணால் என்னைப் பார்த்தது. பிறகுதான் தெரிந்தது, அந்தக் குளிர்காலத்தில் வட அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் முழுவதும் பனி ஆந்தைகள் இறங்கியிருந்தன என்று. பல பத்தாண்டுகளில் காணாத அளவு. புளோரிடா வரைக்கும் ஒன்று போய்ச் சேர்ந்தது, பெர்முடாவிலும் கண்டிருக்கிறார்கள். அடுத்த குளிர்காலம் அதே கம்பத்தைப் பார்க்க நான் எத்தனையோ தடவை போனேன். அதற்குப் பிறகு ஒரு நாளும் அதில் ஒன்றும் வந்து உட்காரவில்லை.

நாலைந்து வருடத்துக்கு முன் வேறொரு ஆளிடம் காசு கட்டி ஒரு படப்பிடிப்புச் சுற்றுலாவுக்குப் போனேன். அது பற்றியும் சொல்ல வேண்டும், பெயர் வேண்டாம். ஆந்தை 'நிச்சயம்', பறக்கும் படம் 'நிச்சயம்' என்று விளம்பரம் போட்டிருந்தார். அந்த நிச்சயம் எங்கே இருந்து வருகிறது என்பது வயலில் போய் நின்றபோதுதான் தெரிந்தது. செல்லப்பிராணிக் கடையில் வாங்கிய வெள்ளை எலிகளை ஒரு பெட்டியில் கொண்டு வந்திருந்தார். ஒன்றை எடுத்துப் பனி மேல் விடுவார், ஆந்தை எங்கள் கமெராவை நோக்கிப் பறந்து வரும், பத்துப் பேரும் படபடவென்று படம் அடிப்பார்கள், திரும்ப இன்னொன்று. நானும் எடுத்தேன். அந்தப் படங்களை வீட்டுக்கு வந்து அழித்துவிட்டேன். வாகனம் நிற்கும் தெருவோரத்துக்குச் சாப்பாடு வரும் என்று ஒரு இளம் ஆந்தை பழகிவிட்டால் அது தெருவோரத்திலேயே நிற்கும், தாழப் பறக்கும். குளிர்காலத்தில் தெற்கே வரும் பனி ஆந்தைகள் செத்துப்போவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்றே வாகனத்தில் அடிபடுவது. ஆர்க்டிக்கில் கார் ஏது? அதற்கு அந்தப் பயமே தெரியாது.

அதற்குப் பிறகு இரண்டு குளிர்காலம் நான் எங்கேயும் போகவில்லை. வேலையிடத்தில் ஒருவர் இந்த வழிகாட்டியைப் பற்றிச் சொன்னார், தொலைபேசி எடுத்தேன். இந்த முறை ஆந்தை காணக் கிடைக்குமா என்று கேட்டேன். "இன்னும் எனக்கே தெரியாது, நவம்பர் கடைசியில் எடுங்கள்" என்றார். முற்பணம் வாங்கவில்லை. இது நடந்தது செப்டம்பரில். காசு கொடுக்கத் தயாராக இருக்கும் ஆளை இரண்டு மாதம் கழித்து வா என்று சொல்லும் ஒருவரை நான் இந்த நாட்டில் அதிகம் சந்தித்ததில்லை. ஏன் என்று கேட்டேன், அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினார், முதல் மதிப்பெண்ணை நான் அங்கேயே போட்டுவிட்டேன்.

அவர் சொன்னதையும் பிறகு நான் தேடி வாசித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். எல்லாம் லெமிங் என்கிற, கைக்குள் அடங்கும் ஒரு எலியில் தொங்குகிறது. ஆர்க்டிக்கில் லெமிங்கின் எண்ணிக்கை மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை பெருகி உச்சத்துக்குப் போய் அப்படியே சரிந்துவிடும். ஒரு வளர்ந்த பனி ஆந்தை வருடத்துக்கு 1,600 லெமிங்குக்கு மேல் தின்னும் என்று கணக்கு. லெமிங் இல்லாத வருடம் ஆந்தை முட்டையே இடாது. பெருகிய வருடம் ஒரே கூட்டில் பதினொரு முட்டை வரை இடும். 2013 கோடையில் வடக்குக் கியூபெக்கில் எடுத்த ஒரு கூட்டின் படத்தை வானில் வைத்துக் காட்டினார்: நடுவில் குஞ்சுகள், சுற்றிவர வேலி கட்டியது போல 70 லெமிங்கும் 8 வோலும் செத்துக் கிடக்கின்றன, தின்று முடியாமல். அந்தக் கோடைக்குப் பின் வந்ததுதான் நான் விளக்குக் கம்பத்தில் ஆந்தை கண்ட குளிர்காலம்.

இதில் நான் இத்தனை காலமும் தலைகீழாக நினைத்திருந்த ஒன்று இருக்கிறது. வடக்கே பஞ்சம், பசியில் தெற்கே ஓடி வருகின்றன என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், செய்தியிலும் அப்படித்தான் வரும். ஆந்தைகள் ஏராளமாகத் தெற்கே இறங்கும் பெருவரத்து வருடங்களில் நடப்பது பெரும்பாலும் அதற்கு எதிர். கோடையில் சாப்பாடு மிஞ்சிக் கிடந்ததால் ஏராளம் குஞ்சுகள் பிழைத்து வளர்கின்றன, குளிர் வந்ததும் அந்த இளசுகள் சிதறிப் பரவுகின்றன. அந்தக் குளிர்காலத்தில் தொடங்கிய புராஜெக்ட் ஸ்னோஸ்டோர்ம் என்ற ஆய்வுக் குழுவினர் பிடித்துப் பார்த்த ஆந்தைகளும், அடிபட்டுச் செத்து ஆய்வுக்கு வந்த ஆந்தைகளும் பெரும்பாலும் நல்ல கொழுப்போடுதான் இருந்தன. மெலிந்து பட்டினியில் கிடப்பவையும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கண்ட ஆந்தையை எல்லாம் 'பாவம் பசிக்குது' என்று எலி போட வெளிக்கிடுவதற்கு அது நியாயமே இல்லை.

அப்புறம், எந்த வருடம் எங்கே இறங்கும் என்று நாட்காட்டி போட முடியாததற்கு இன்னொரு காரணமும் சொன்னார். இந்தப் பறவைக்கு நிலையான ஊர் என்று ஒன்று இல்லை. கனடாவின் ஆர்க்டிக்கில் உள்ள பைலொட் தீவில் கூடு கட்டிய பெண் ஆந்தைகளுக்குச் செய்மதிக் கருவி பூட்டிப் பார்த்ததில், ஒரு வருடம் கூடு கட்டிய இடத்துக்கும் அடுத்த வருடம் கட்டிய இடத்துக்கும் நடுவில் சராசரியாக 700 கிலோமீற்றருக்கு மேல் தூரம். ரொறன்ரோவில் பிள்ளை பெற்றுவிட்டு அடுத்த பிள்ளையை கியூபெக் நகரத்துக்குப் போய்ப் பெறுவது போல. லெமிங் எங்கேயோ அங்கே. அவற்றில் சில குளிர்காலத்தில் தெற்கே வரவேயில்லை, இன்னும் வடக்கே போய் உறைந்த கடலின் மேல் இருந்துகொண்டு, பனி உடைந்த நீர்ப்பிளவுகளில் கூடும் கடல் வாத்துகளைப் பிடித்துத் தின்றன. சூரியனே தலைகாட்டாத இருட்டில். இதைக் கேட்டபோது வானில் கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை.

முதல் பயணம் ஜனவரி நடுப்பகுதி, வெளியே குளிர் மறை பதினெட்டு பாகை. அம்மாவையும் கூட்டிப் போனோம், எழுபத்திரண்டு வயது, ஆந்தை என்றால் அபசகுனம் என்று வளர்ந்தவர், வரமாட்டேன் என்றுதான் முதலில் நின்றார். தீவில் இறங்கி அரை மணித்தியாலம் வழிகாட்டி தெருத்தெருவாக மெதுவாக ஓட்டினார். வயலில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் ஆந்தை என்று நாங்கள் கத்திக்கொண்டிருந்தோம், பனி போர்த்த வைக்கோல் சுருள், பனிக்கட்டி, ஒரு பிளாஸ்ரிக் வாளி. அவர் ஒரு வேலித் தூணைக் காட்டினார். அங்கே இருந்தது.

வான் நின்ற இடத்தில் இருந்து நூறு மீற்றருக்கு மேல். அதற்குள் அவர் போவதில்லை, வயலுக்குள் இறங்குவதில்லை, ஒருவரையும் இறங்க விடுவதும் இல்லை. ஸ்கோப் என்கிற ஒற்றைக்குழல் தொலைநோக்கியை முக்காலியில் வைத்து ஒவ்வொருவராகப் பார்க்கச் சொன்னார். உடம்பெல்லாம் கறுப்புக் கோடுகள், முகம் மட்டும் சுத்த வெள்ளை. கோடு இப்படி அடர்த்தியாக இருந்தால் இளம் பெண், கிட்டத்தட்ட முழு வெள்ளையாக இருந்தால் வளர்ந்த ஆண் என்று பொதுவாகச் சொல்லலாமாம். விரல் வரைக்கும் ரோமம் போர்த்திய கால்கள். பெண்தான் பெரிது, சில மூன்று கிலோவுக்குக் கிட்டவும் வரும். கண் இரண்டும் கோடு போல மூடியிருந்தது. அவர் மகளிடம் சொன்னார், "அந்தக் கண்ணை மட்டும் பார், அது முழுதாகத் திறந்து, உடம்பை ஒடுக்கி நிமிர்ந்து நின்றால் நாங்கள் கிட்ட வந்துவிட்டோம் என்று அர்த்தம், உடனே எனக்குச் சொல்ல வேண்டும், அது உன் வேலை." மகள் அன்று முழுக்க அந்த வேலையைச் செய்தாள்.

அம்மா குனிந்து ஸ்கோப்பில் கன நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து எங்கள் பக்கம் திரும்பி, "பிள்ளை நித்திரை கொள்ளுது, சத்தம் போடாதேங்கோ" என்றார். வழிகாட்டிக்குத் தமிழ் தெரியாது, நான் மொழிபெயர்த்தேன். "இருபது வருடமாக நான் சொல்ல முயல்வதை ஒரு வரியில் சொல்லிவிட்டார்" என்றார் அவர்.

பகலில் அது பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். ஆர்க்டிக் கோடையில் இரவே இல்லாததால் வெளிச்சத்தில் வேட்டையாடும், குளிர்காலத்தில் இங்கே வந்தபின் பொழுது சாய்ந்த பிறகுதான் கிளம்புவது அதிகம். ஆகவே பறக்கும் படம் வேண்டும் என்று வருபவர்களுக்கு இந்தச் சுற்றுலா சரிவராது, வெளிப்படையாகவே சொல்கிறேன். நாங்கள் கண்ட மூன்றில் ஒன்றே ஒன்றுதான் பறந்தது, பின்னேரம் நாலரை மணி, சத்தமே இல்லாமல் நிலத்தோடு ஒட்டிப் போய் அடுத்த வயலில் இறங்கியது. என்னிடம் ஒரு மங்கலான படம் இருக்கிறது. அது போதும்.

இரண்டாம் பயணத்துக்கு முன் நவம்பரில் வழிகாட்டியே தொலைபேசி எடுத்தார். இந்த முறை வடக்கில் இருந்து நல்ல செய்தி இல்லை, வந்தவையும் வேறு பக்கம் போய்விட்டது போல இருக்கிறது, காணாமல் திரும்பத்தான் வாய்ப்பு அதிகம், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். நாங்கள் போனோம். காணவில்லை. இதற்குக் காசா என்று நீங்கள் கேட்டால், எனக்குக் கிடைத்தது இவ்வளவு: ஆர்க்டிக்கில் இருந்தே வரும் ரோமக்கால் பருந்து நான்கு, காற்றில் நின்ற இடத்திலேயே சிறகடித்துக்கொண்டு வோல் தேடியதைப் பத்து நிமிடம் பார்த்தோம். வயலின் மேல் தாழப் பறக்கும் பூனைப்பருந்து ஒன்று. சூரியன் விழுந்தபின் குட்டைக் காது ஆந்தைகள் இரண்டு, ஒன்றோடொன்று மல்லுக்கட்டிக்கொண்டு. பகலில் குளிர் தாங்காமல் வானுக்குள் இருந்தபோது கையடக்கக் கணினியில் ஸ்னோஸ்டோர்ம் குழுவின் வரைபடங்களைத் திறந்தார். ஆந்தையின் முதுகில் 40 கிராம் அளவில் சூரிய ஒளியில் இயங்கும் ஒரு கருவி, கைத்தொலைபேசிக் கோபுரம் வழியாக இடத்தை அனுப்பும். வடக்கே கோபுரம் இல்லாத இடத்துக்குப் போனால் எல்லாவற்றையும் சேமித்து வைத்துக்கொண்டு, திரும்ப எல்லைக்குள் வந்தால், அடுத்த குளிர்காலமோ அதற்கடுத்ததோ, மொத்தமாக அனுப்பும். சில ஒருபோதும் திரும்பி அழைப்பதில்லை. ஏரி ஈரியின் உறைபனி மேல் வாரக்கணக்கில் மிதந்துகொண்டே இருந்த ஒரு ஆந்தையின் தடத்தை மகள் விரலால் தொட்டுத் தொட்டுப் போனாள்.

அன்றைக்குத்தான் விமான நிலையங்களைப் பற்றியும் கதைத்தார். 2013 டிசம்பரில் நியூயோர்க் ஜே.எஃப்.கே விமான நிலையத்தில் விமானங்களுக்கு ஆபத்து என்று பனி ஆந்தைகளைச் சுட்டார்கள், மக்கள் கொதித்தெழுந்ததும் பிடித்து வேறிடத்தில் விடுவதற்கு மாறினார்கள். பொஸ்டன் லோகன் விமான நிலையத்தில் நோர்மன் ஸ்மித் என்பவர் 1981 இலேயே அப்படிப் பிடித்து விடத் தொடங்கிவிட்டார், நூற்றுக்கணக்கில். ஒருவரால் முடிந்தது மற்ற இடத்தில் ஏன் அத்தனை வருடம் நடக்கவில்லை என்று எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

கேட்டுக் கவலைப்பட்டது இன்னொன்று. முன்பு உலகத்தில் மூன்று லட்சம் வரை பனி ஆந்தை இருக்கும் என்று எழுதி வைத்திருந்தார்கள். ஒரே பறவை வருடத்துக்கு ஒரு இடமாக அலைவதால் ஒன்றையே பல இடத்தில் எண்ணிவிட்டது பிறகுதான் விளங்கியது, மதிப்பீடு முப்பதாயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. 2017 இல் அழிவு நோக்கிப் போகக்கூடிய இனம் என்று உலகப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். கிரீன்லாந்தின் வடகிழக்கில் 2000 ஆண்டளவில் லெமிங்கின் ஏற்ற இறக்கமே குலைந்துபோக, ஆந்தைகள் அங்கே கூடு கட்டுவதும் கிட்டத்தட்ட நின்றுபோனது. பனி சரியாக விழாவிட்டால் லெமிங் அதற்கு அடியில் குளிர்காலத்தைக் கழித்துப் பெருக முடியாது. அதாவது ஆந்தை வராத வருடம் என்பது வெறும் துரதிர்ஷ்டமாகவே எப்போதும் இருக்கும் என்று நினைத்துக்கொள்ள முடியாத காலம் இது.

குறைகளும் இருக்கின்றன. வானின் பின் சீற்றுக்கு ஹீற்றர் சரியாக எட்டவில்லை, இரண்டு முறையும் இதே பிரச்சினை, அவரிடம் சொல்லியும் விட்டேன். வயதானவர்களை முன் சீற்றில் இருத்தும்படி பதியும்போதே கேளுங்கள். தீவுக்குள் கழிப்பறைக்கு அலைய வேண்டியிருந்தது, பாதை ஏறும் முன் கிங்ஸ்ரனிலேயே போய்விடுவது நல்லது. மதியச் சாப்பாடு என்று தருவது குளிர்ந்த சான்ட்விச்சும் ஒரு அப்பிளும், 160 டொலருக்கு அது காணாது. நாங்கள் இரண்டாம் முறை ஸ்காபரோவில் முதல் நாள் பின்னேரமே றோல்ஸும் மாலுபணிஸும் வாங்கி, சுடுதண்ணிப் போத்தலில் இஞ்சித் தேத்தண்ணீரும் கொண்டு போனோம், வான் முழுக்கப் பங்கு போட்டோம், வழிகாட்டி மூன்று றோல்ஸ் சாப்பிட்டார். ஸ்கோப் ஒன்றே ஒன்று, ஏழு பேருக்கும் அது போதாது, உங்களிடம் எட்டு மடங்கு பத்து மடங்கு தொலைநோக்கி இருந்தால் கட்டாயம் கொண்டு போங்கள். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு நாள் மிக நீளம், வாசலிலேயே அழத் தொடங்கிவிடுவார்கள்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு, ஐந்துக்கு நாலரை. குறைத்த அரை, ஹீற்றருக்கும் சான்ட்விச்சுக்கும். ஆந்தை காணாததற்கு நான் எதையும் குறைக்கவில்லை.

பதிய வேண்டும் என்றால் இப்போது எடுக்காதீர்கள், நவம்பர் கடைசி வாரம் எடுங்கள். அதற்கு முன் எடுத்தால் என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும். இரண்டு சோடி காலுறை, சப்பாத்துக்குள் வைக்கும் சூட்டுப் பொதி, கைபேசிக்கு ஒரு மேலதிக மின்கலம். படத்தை முகநூலில் போடும்போது தெருப் பெயரைப் போட வேண்டாம் என்று திரும்பி வரும் பாதையில் வைத்துக் கேட்பார், அதையும் செய்துவிடுங்கள். இந்த வருடமும் நாங்கள் போகிறோம், அம்மாதான் முதலில் பெயர் கொடுத்தார்.